கவினுக்கு எத்தனை ‘வி’? பெயரும் ஸ்பெல்லிங்கும் ஓர் ஒப்பீடு

சேலத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவனிடம் பிள்ளைப் பெயர் பற்றிக் கேட்டால் பதில் கொஞ்சம் ஒருதலையாகத்தான் வரும். பெயர் அழகாக இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. விண்ணப்பத்தில் உள்ள கட்டங்களுக்குள் அடங்குமா, போனில் சொன்னால் அந்தப் பக்கம் இருப்பவர் சரியாக எழுதுவாரா என்றுதான் பார்ப்பேன். ஆனாலும் கைக்குழந்தையோடு வருகிறவர்கள் நீட்டும் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஒன்று பிடிபட்டுவிட்டது. பெயரைத் தேர்ந்தெடுப்பது ஒரு வேலை, அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பது தனி வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு உருட்டுவதால்தான் வீட்டில் பாதிச் சண்டை.

முதலில் பெயர்

சீட்டில் வருபவை பெரும்பாலும் மூன்று வகை. தாத்தா பாட்டி, குலதெய்வம் வழியாக வரும் மாரியப்பன், முனியப்பன், அங்கம்மாள். தமிழ்ப் பெயர்களான கவின், மகிழன், யாழினி, ஆதிரை. அப்புறம் ‘ஷ்’, ‘த்வி’, ‘க்ஷ்’ கலந்த ரித்விக், தன்விக், தக்ஷித் வகையறா.

முதல் வகை அருகிப் போய்விட்டது. கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளையைக்கூட ‘மாரி’ என்று வீட்டுக்குள் கூப்பிடுவதோடு சரி, சான்றிதழில் வேறு பெயர். எனக்கு இதில் வருத்தம் உண்டு. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியவர் நம்ம பெரியவடகம்பட்டிக்காரர், பெயர் மாரியப்பன். பழைய பெயராச்சே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் பெயருக்கு வெளிநாட்டில் வேறொன்று நடந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ்ப் பெயரா, புதுப் பெயரா என்ற போட்டியை பல வீடுகளில் முடித்துவைப்பது பெற்றோர் இல்லை, பஞ்சாங்கம். நட்சத்திரத்தின் நான்கு பாதத்துக்கும் ஒவ்வோர் எழுத்து கொடுத்திருப்பார்கள். கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தால் கவலை இல்லை: அ, இ, உ, எ. அகரன், இனியா, எழில் என்று கதவு அகலத் திறந்திருக்கும். சுவாதிக்கு ரு, ரே, ரோ, தா. தமிழ் மரபில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது, ஆகவே தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்பவருக்கு ‘தா’ பாதம் ஒன்றுதான் மிச்சம். தாமரை என்று வைத்துக்கொள்ளலாம். திருவாதிரைக்குக் கொடுத்திருக்கும் எழுத்துகளில் ஒன்று ‘ங’. அதில் தொடங்கும் பெயரோடு இதுவரை யாரும் என் கடைக்கு வந்ததில்லை. ஜோசியரே அந்த இடத்தில் சத்தமில்லாமல் ‘க’வுக்குத் தாவிவிடுவார் போலிருக்கிறது. அங்கே தாவலாம் என்றால் சுவாதிக்கும் தாவலாமே என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்படித் தேடித்தான் ஒரு காலத்தில் யாழினி வைத்தார்கள், இன்று ஒரே வகுப்பில் இரண்டு யாழினி உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் தப்பும் இல்லை, அதற்குத்தான் இனிஷியல் இருக்கிறது. பெயர் அரிதாக இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஸ்பெல்லிங்கை அரிதாக்கும்போதுதான் நான் தலையிடுவேன்.

‘ழ’வுக்கு இசட்-ஹெச்சா, ‘எல்’லா?

இந்த ஒரு கேள்விக்கே அரை மணி நேரம் போகும். அந்தக் காலத்து ஏழுமலை, பழனி எல்லோரும் ‘எல்’ போட்டுத்தான் எழுதினார்கள். எடப்பாடி பழனிசாமி பெயரும் இங்கிலீஷில் ‘எல்’தான். தமிழில் ‘சாமி’யாக இருப்பது அங்கே ‘ஸ்வாமி’ ஆகிவிடுகிறது என்பது இன்னொரு வேடிக்கை. தமிழ் என்ற பெயரே இங்கிலீஷில் ‘எல்’லில்தான் முடிகிறது, சோழருக்கும் ‘எல்’தான். இலங்கைத் தமிழர் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நம் பக்கம்தான் இப்போது இசட்-ஹெச்.

இசட்-ஹெச் போட்டால் தமிழ் தெரிந்தவர் சரியாக வாசிப்பார், தெரியாதவர் ‘யாஸினி’ என்பார். ‘எல்’ போட்டால் வெளியாட்கள் ‘யாலினி’ என்று கிட்டத்தட்ட சரியாகச் சொல்லிவிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், அஸ்தம்பட்டியில் வகுப்பெடுக்கும் டீச்சரும் அட்டெண்டன்ஸில் ‘யாலினி’ என்றே வாசிப்பார். கொஞ்ச நாளில் பிள்ளையும் தன் பெயரை அப்படியே சொல்ல ஆரம்பிக்கும். இங்கிலீஷ் எழுத்து போய்த் தமிழ் உச்சரிப்பைத் தின்பது புதிதும் இல்லை. நமக்கு மேலே நிற்கும் சேர்வராயன் மலையைப் பாருங்கள், வெள்ளைக்காரன் எழுதியதை வைத்து நாமே தமிழில் ‘ஷெவராய்’ என்று போர்டு வைக்கிறோம். அதனால் என் ஓட்டு இசட்-ஹெச்சுக்கு. பிள்ளை முதல் பதினேழு வருஷம் இங்கேதான் படிக்கப்போகிறது. வெளியூரில் இரண்டு பேர் தடுமாறினால் தடுமாறட்டும்.

இதே கணக்கில்தான் ‘த’வும். வடக்கே ஹெச் சேர்த்தால் அழுத்தி ஊதிச் சொல்லும் எழுத்து என்று அர்த்தம், அங்கே கீதாவுக்கு ஹெச் கிடையாது. நமக்கு ஹெச் இல்லாவிட்டால் ஆதிரை ‘ஆடிரை’ ஆகிவிடுவாள். ஹெச் இருக்கட்டும்.

நெடிலுக்கு இரண்டு ‘ஏ’ போடுவதில் நான் பாதி வழிதான் வருவேன். விட்டால் பெயரே மாறிவிடும் என்ற இடத்தில் மட்டும் போடுங்கள். யாழினியை யாரும் ‘யழினி’ என்று வாசிக்கப்போவதில்லை, அங்கே இன்னொரு ‘ஏ’ வீண். ஒவ்வொரு ஒலியையும் எழுத்தில் பிடித்தே தீருவேன் என்று கிளம்பினால் எங்கே போய் நிற்கும் என்பதை அரசாங்கமே ஒருமுறை காட்டியது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி ஓர் ஆணை வெளியானது. கோயம்புத்தூருக்குப் புள்ளி வைத்த ‘த்’ தனி, உயிர்மெய் தனி, நெடில் தனி என்று எழுத்துகள் நீண்டுகொண்டே போயின. ஊர் முழுக்கக் கேலி பேச, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

எண் கணிதம்

இதுதான் பெரிய கட்சி. வாழப்பாடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா நீட்டிய சீட்டில் கவின் என்ற பெயர் ஆறு எழுத்தாக இருந்தது: கே, ஏ, வி, வி, ஒய், என். “அண்ணா, மறக்காம ரெண்டு வி” என்றார். கூட வந்த பாட்டி, “எப்படி எழுதுனாலும் நான் கவினுன்னுதான் கண்ணு கூப்பிடுவேன்” என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

கூட்டிப் பார்த்தேன். நம் ஊரில் பெரும்பாலும் புழங்குவது, கீரோ என்ற வெளிநாட்டு ஜோசியர் பெயரில் வழங்கும் கீரோ முறை. அதில் இங்கிலீஷ் எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மட்டுமே மதிப்பு, 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. கே 2, ஏ 1, வி 6, ஐ 1, என் 5. சாதாரண கவின் 15, இலக்கங்களைக் கூட்டினால் 6. கூடுதலாக ஒரு வி சேர்த்தால் 21, அதாவது குருவின் எண்ணான 3. சரி, அதற்குத்தான் இரண்டாவது வி. அப்படியானால் ஐ-யை எடுத்துவிட்டு ஒய் போட்டது எதற்கு? இந்த முறையில் ஐ-க்கும் ஒய்-க்கும் மதிப்பு ஒன்றே, 1. கூட்டுத்தொகையில் அது ஒரு மாற்றமும் செய்யவில்லை. வெறும் ஸ்டைல்தான், எண் கணிதத்தின் தோளில் ஏறிச் சவாரி செய்கிறது.

இன்னும் ஒன்று. எழுத்துகளுக்கு 1 முதல் 9 வரை வரிசையாக மதிப்பு கொடுக்கும் வேறொரு முறையும் இருக்கிறது. அதில் வி 4, ஐ 9. மற்ற மூன்றும் அப்படியே. அந்தக் கணக்கில் ஐந்தெழுத்து கவினே 21. தேடிப் போன 3, கூடுதல் வி இல்லாமலே, ஒய் இல்லாமலே கிடைத்திருக்கும்.

‘ழ’வுக்கு வருவோம். கீரோ முறையில் இசட் 7, ஹெச் 5, சேர்த்தால் 12, ஒற்றை இலக்கமாக்கினால் 3. ‘எல்’லும் 3-தான். அதனால் யாழினியை இந்த இரண்டில் எப்படி எழுதினாலும் ஒற்றை இலக்க எண் 3-லேயே நிற்கும். இசட்-ஹெச்சில் 21, ‘எல்’லில் 12. முழுத்தொகைக்கும் பலன் உண்டு என்பார்கள், உண்மைதான், அந்தக் கட்சிக்காரர்கள் அதையும் பார்ப்பார்கள். நம்பிக்கையை நான் கிண்டல் செய்யவில்லை. எண் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், இருக்கிற ஸ்பெல்லிங்கை வளைப்பதற்குப் பதிலாக, நேராக எழுதினாலே அந்த எண் வருகிற இன்னொரு பெயரைத் தேடுங்கள். நிலா 10, கவின் 15. இப்படி எத்தனையோ பெயர்கள் எதையும் ஒட்டவைக்காமலே கைக்கு வரும்.

காகிதம் என்ன சொல்கிறது

பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஆனால் அப்போதே பெயர் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இது தெரியாமல் தொட்டில் போடும் முன்பே பறந்தடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு முறை ஏறிவிட்டால் எழுத்துப் பிழையைத் திருத்தலாமே தவிர, மனம் மாறிவிட்டது என்று பெயரை மாற்றுவது லேசில் நடக்காது. அரசிதழில் வெளியிட்டு, அதை வைத்து ஒவ்வோர் ஆவணமாகப் பின்னால் ஓட வேண்டும். ஆதாரில் பெயர்த் திருத்தத்துக்கு வாழ்நாளில் இரண்டு வாய்ப்புதான். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் இருக்கும் ஒவ்வோர் எழுத்தும் பிள்ளையோடு கடைசிவரை வரும்.

வித்தியாச ஸ்பெல்லிங் பல்லை இளிக்கும் இடம் இதுதான். கல்லூரியில் சேர்ந்த ஒரு பெண், உதவித்தொகைக்குக் கணக்குத் திறக்கப் போனது. ஆதாரில் பெயரின் கடைசியில் ஒரு ஹெச், மார்க் ஷீட்டில் அது இல்லை, பேங்கில் டைப் செய்தவர் தன் பங்குக்கு ஒரு ‘ஏ’வைக் கூட்டிவிட்டார். மூன்று காகிதத்தில் மூன்று பெண்கள். நேரான ஸ்பெல்லிங் என்றால் டைப் செய்பவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் அநேகமாகச் சரியாக வந்துவிடும். வித்தியாசமான ஸ்பெல்லிங்கில் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒருவர் ‘இது பிழையாக இருக்கும்’ என்று நல்ல எண்ணத்தோடு திருத்திவிடுவார்.

இனி மாரியப்பன் கதை. நமக்கு அவர் த. மாரியப்பன், தங்கவேலு அவருடைய அப்பா. உலகம் ‘மாரியப்பன் தங்கவேலு’ என்பதில் பின்னால் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, செய்திகளில் ‘தங்கவேலு தங்கம் வென்றார்’ என்று எழுதியது. தாண்டியது மகன், பெயர் வந்தது அப்பாவுக்கு. இனிஷியலை விரித்து எழுதினால் இது நடக்கும், விரிக்காமல் விட்டால் வேறு தொல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, வளைகுடா போகும் நம் ஆட்கள் நிறையப் பேரை அலைய வைத்தது. என்னைக் கேட்டால் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ விரித்து எழுதிவிடுவதே மேல். அதோடு பெயரின் மொத்த நீளத்தையும் ஒரு தடவை பாருங்கள். எட்டெழுத்து அப்பாவுக்குப் பக்கத்தில் பதினான்கு எழுத்துப் பிள்ளை என்றால் கட்டம் போதாது.

என் வரிசை

அரிய பெயர், நேரான ஸ்பெல்லிங்: முதல் இடம். மகிழன், ஆதிரை எதுவானாலும் சரி. சாதாரணப் பெயர், சாதாரண ஸ்பெல்லிங்: அதற்குச் சமமாகவே வைப்பேன், வம்பில்லாதது. புதுப் பெயர் வகையில் உச்சரிப்பு வாயில் நிற்கிறதா என்று பாருங்கள். ‘க்ஷ்’ஷை ஆத்தூர்ப் பாட்டி ‘ச்ச’ என்றுதான் சொல்லும், அது உங்களுக்குச் சம்மதம் என்றால் வையுங்கள். சாதாரணப் பெயருக்கு வேடம் போட்ட ஸ்பெல்லிங் கடைசி. கூப்பிடும்போது அந்த வேடம் காதில் விழாது, எழுதும்போது மட்டும் வேலை வைக்கும். ஒரே ஒரு விலக்கு உண்டு: அப்பா, பெரியப்பா எல்லோருடைய காகிதத்திலும் ஒரு பெயர் ஏற்கெனவே ஏதோ ஒரு ஸ்பெல்லிங்கில் ஓடிக்கொண்டிருந்தால் அது எவ்வளவு கோணலாக இருந்தாலும் பிள்ளைக்கும் அதையே தொடருங்கள்.

சீட்டு எழுதும்போது முதலில் தமிழில் எழுதுங்கள். சான்றிதழில் இரண்டு மொழியிலும் பெயர் வருகிறது, தமிழ்க் கட்டத்தை நிரப்பும்போது மட்டும் “நீங்களே போட்டுக்கங்கண்ணா” என்று என்னிடம் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ‘ன’வா ‘ண’வா என்று என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

எண்ணும் வேண்டும், ரெண்டு வி-யும் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால் அந்த ஸ்பெல்லிங் ஜாதக நோட்டில் இருக்கட்டும், காதணி விழா பத்திரிகையில் தங்க எழுத்தில் போடட்டும், அதை நானே அடித்துத் தருகிறேன். சான்றிதழில் மட்டும் நேரானது. மாமனார் மாமியாரிடம் இதை யார் போய்ச் சொல்வது என்பது அந்தந்த வீட்டுப் பாடு.