இன்டர்னல்ல ஃபெயில்: அப்பாவுக்கு போனா, பேப்பரோட பேச்சா?

அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு இன்டர்னல், அதாவது காலேஜ்லயே போடற மார்க், 40, செமஸ்டர் எக்ஸாம் 60, அதனால முதல் இன்டர்னல்ல 100க்கு 18 வாங்குனவன காப்பாத்த இன்னும் டைம் இருக்கு, ஆனா வாத்தியாருங்க நாங்க செய்யறது ரெண்டே வழிதான்.

ஒண்ணு, அப்பாவுக்கு போன் போடறது. ரெஜிஸ்டர்ல டிக் அடிச்சா வேலை முடிஞ்சுது. பையன் ரெண்டு நாள் ஒழுங்கா வருவான், பொண்ணா இருந்தா "படிச்சது போதும், மாப்பிள்ளை பாக்கறோம்"னு சில வீட்ல ஆரம்பிச்சிடறாங்க, அதான் எனக்கு இந்த வழி புடிக்கறதே இல்ல.

இன்னொண்ணு, ஆன்சர் பேப்பர விரிச்சு வெச்சு பக்கத்துல உக்கார வெக்கறது. போன செம் ஒருத்தன், மேத்ஸ்ல மேட்ரிக்ஸ் பாடத்துல வர்ற ஐகன் வேல்யூ கணக்குல மெத்தட் எல்லாம் சரி, டிடர்மினன்ட் விரிக்கறப்ப நடு டெர்முக்கு மைனஸ் போடல, அவ்ளோதான், அதே தப்பு மூணு கணக்குலயும்! இருபது நிமிஷத்துல சரியாச்சு. தமிழ் மீடியத்துல இருந்து வந்த புள்ளைக்கு கேள்வியே புரியலன்னு தெரியவர்றதும் இப்படித்தான். என்ன, 60 பேர் கிளாஸ்ல 25 ஃபெயில்னா சாயங்கால காலேஜ் பஸ்ஸ மறந்துட வேண்டியதுதான்.

டெஸ்ட்டுக்கே வராதவன் வீட்டுக்கு மட்டும் போன் பண்ணுவேன், அவன்கிட்ட விரிக்க பேப்பரே இல்லையே.