கனி மார்க்கெட்: துணி சேர்க்கும் ஆசாமிகளுக்கு மட்டும்

பொழுதுபோக்குக்குத் தைக்கிறவர்களுக்கு ஈரோடு கனி ஜவுளிச் சந்தை சொர்க்கம், வீட்டு பீரோவுக்குத்தான் எமன். திங்கள் சாயங்காலம் தொடங்கி செவ்வாய் வரை நடக்கிற இந்த வாரச் சந்தை அடிப்படையில் மொத்த வியாபாரத்துக்கானது, அதனால் வெளியூர் வியாபாரிகள் மூட்டை கட்டுகிற இரவு நேரத்தில் அரை மீட்டர் லைனிங் (உள்பக்கம் வைத்துத் தைக்கிற துணி) கேட்டு நிற்காமல் செவ்வாய் பகலில் போங்கள். பாப்ளின் என்கிற நெருக்கமாக நெய்த மெல்லிய துணி, லைனிங் எல்லாம் விலைக்கு நல்ல சரக்கு.

ஆபத்து கட்பீஸ் என்கிற துண்டுத் துணிக் குவியலில் இருக்கிறது. பிளவுஸுக்குச் சுமார் 80 செ.மீ. வேண்டும், கையில் சிக்குவதோ 50 செ.மீ. துண்டு, ஆனால் அந்த மாம்பழ மஞ்சளை விட மனசு வருமா, "எதுக்காவது ஆகும்" என்று எடுப்போம், எதற்கும் ஆகாது! அப்புறம் அதற்கு மேட்ச்சாக லேஸ், அந்த லேஸுக்கு மேட்ச்சாகப் பொத்தான்.

வாங்குமுன் அகலம் 36 இன்ச்சா 44 இன்ச்சா என்று கேளுங்கள். அடர் நிறமென்றால் ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் போனால் தெரிந்துவிடும். காட்டனை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், சுருங்கும். சந்தைக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன். பெரிய பை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.