பாலிசி நம்பர் நிஜம், பாலிசி போலி: சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் உடனே பாருங்கள்

குட்டியானை, தோஸ்த் மாதிரி சின்ன சரக்கு வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் தயவுசெய்து இன்சூரன்ஸ் பேப்பரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எங்கள் சித்தப்பாவை ஏமாற்றியது போல இன்னும் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறார்களோ தெரியாது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றும் வண்டி அது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்பதால் பர்மிட் தேவையில்லை, எஃப்.சி.யும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) இன்சூரன்ஸும்தான் முக்கியம். இரண்டையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒரு ஏஜென்ட் வருஷா வருஷம் முடித்துக் கொடுப்பார். போன முறை, "தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) மட்டும் போதும், தெரிந்த கம்பெனி, கொஞ்சம் குறைத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி, பணத்தைத் தன் ஜிபே நம்பருக்கே வாங்கிக்கொண்டு கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் பார்த்தபோதும் இன்சூரன்ஸ் செல்லும் என்றே காட்டியது.

அப்புறம் ஒரு விபத்து. பைக்கில் வந்த ஒரு பையனுக்குக் கால் முறிந்து ஆபரேஷன் ஆனது. பாலிசியை எடுத்துக்கொண்டு கம்பெனி கிளைக்குப் போனால், "இந்த நம்பரில் எங்களிடம் இருப்பது டூவீலர் பாலிசி" என்கிறார்கள்.

நடந்தது இதுதான். ஏஜென்ட் ஆன்லைனில் எங்கள் வண்டியின் பதிவு எண்ணையே போட்டு, வண்டி வகை என்ற இடத்தில் மட்டும் பைக் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார். பதிவு எண் எங்களுடையது என்பதால்தான் ஆப்பிலும் செல்லும் என்று காட்டியிருக்கிறது. வந்த பி.டி.எஃப்.பில் பைக்கை அழித்து சரக்கு வண்டி, மொத்த எடை, பிரீமியம் எல்லாம் மாற்றி பிரிண்ட் போட்டுவிட்டார். 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு தேர்ட் பார்ட்டி 16,049 ரூபாய், 75-க்கு மேல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு 714 ரூபாய், வரி தனி. எங்களிடம் வாங்கியதில் பைக் கட்டணம் போக மீதி முழுக்க அந்த ஆளின் பாக்கெட்டுக்குப் போயிருக்கிறது.

தேர்ட் பார்ட்டி பாலிசி சரியாக இருந்தால் அடிபட்டவருக்குக் கோர்ட் சொல்லும் இழப்பீட்டைக் கம்பெனி கட்டும், உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் அதில் உச்சவரம்பே கிடையாது. இப்போது கம்பெனி கையை விரித்துவிட்டதால் சித்தப்பா தலையில் விழுந்திருக்கிறது. அந்தப் பையன் குடும்பமும் எப்போது பணம் வரும் என்று தெரியாமல் நிற்கிறது, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஏஜென்ட்டைக் கேட்டால், "கம்ப்யூட்டர் தப்பு, பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்கிறார். வண்டி வகையைத் திருத்தி பிரிண்ட் போடுவது கம்ப்யூட்டர் செய்கிற வேலையா?

கையில் இருக்கும் பேப்பரையோ ஆப்பையோ மட்டும் நம்பாதீர்கள். பாலிசி நம்பரை வைத்து கம்பெனியின் சொந்த இணையதளத்தில் நீங்களே பாலிசியை டவுன்லோடு செய்யுங்கள், முடியாவிட்டால் கிளைக்குப் போய்க் கேளுங்கள். வண்டி வகை, சேசிஸ் நம்பர், மொத்த எடை, பிரீமியம் நான்கும் உங்கள் ஆர்.சி.யோடும் பிரிண்ட்டோடும் பொருந்த வேண்டும். பாலிசியில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்றும் பாருங்கள், எங்களுடையதில் ஏஜென்ட் நம்பர்தான் இருந்தது, அதனால் கம்பெனியின் எஸ்.எம்.எஸ். ஒன்றுகூட எங்களுக்கு வரவில்லை. தேர்ட் பார்ட்டி கட்டணம் அரசு நிர்ணயிப்பது, எந்தக் கம்பெனியானாலும் ஒரே தொகை. நம் டீசல் வண்டிக்கு அதில் தள்ளுபடி தருகிறேன் என்று ஒருவர் சொன்னாலே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பணத்தையும் கம்பெனி பெயருக்கே கட்டுங்கள்.

நாங்கள் போலீஸில் புகார் கொடுத்துவிட்டோம், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 எண்ணிலும் பதிவு செய்திருக்கிறோம். இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால், ஏஜென்ட் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கெஞ்சினாலும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். முதலில் சரியான பாலிசி எடுங்கள், அதுவரை வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள், பிறகு பிரிண்ட்டையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து உங்கள் பெயரிலேயே தனிப் புகார் கொடுங்கள்.