கெட்டிக்க ஒரு கோல், துடைக்க ஒரு கோல்

குழல்வாய் வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கியோடு வரும் மரக் கெஜக்கோலை (மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளும் கோல்) வைத்தே வெடிமருந்தும் கெட்டித்து, வீட்டில் குழலையும் துடைப்பதுதான் பரவலான வழக்கம். கோல் முறிவதும் துணி உள்ளே மாட்டுவதும் பெரும்பாலும் இதனால்தான். .50 காலிபர் (அரை அங்குலக் குழல்துளை) ரைஃபிளுக்கு, கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் புழங்க எங்கள் தேர்வு 3/8 அங்குலம் (9.5 மி.மீ.) தடிமனுள்ள, மூட்டு இல்லாத எவர்சில்வர் கோல். மரக்கோல் துப்பாக்கியிலேயே இருக்கட்டும், கெட்டிக்க மட்டும்.

மரக்கோல் வாங்கும்போது ரேகையைப் பாருங்கள். முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் வெளியேறும் ரேகை, அழுத்தம் ஏறும்போது சாய்வாகப் பிளந்து சிலாம்பு உள்ளங்கையில் ஏறிவிடும். நுனியில் உள்ள பித்தளைத் தொப்பி பசையில் மட்டும் நின்றால் வாங்க வேண்டாம். குறுக்கே ஆணி ஓடியிருக்க வேண்டும். இல்லையென்றால் கோல் கையோடு வரும், தொப்பி குழலுக்குள் நிற்கும்.

பித்தளைக் கோல் குழலுக்கு இதமானது, ஆனால் வளையும். அலுமினியம் மென்மையானது, கீறல் விழுந்த இடத்தில் கரித்துகள் பதிந்தால் குழல்வாயை அராவும். இரண்டு மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் கோலைப் பரிந்துரைக்க மாட்டோம். மூட்டு விளிம்பு ரைஃபிளிங் (குழலின் உட்புறச் சுருள் வரிகள்) மீது உரசும், அழுத்தினால் மூட்டிலேயே கோணும். எவர்சில்வர் கோலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: குழல்வாயில் பொருந்தும் பித்தளை அல்லது பிளாஸ்டிக் கூம்பு இல்லாமல் இறக்கவே கூடாது. குறிவிலகல் பலவும் தேய்ந்த குழல்வாயில்தான் பிறக்கின்றன.

கோலின் நீளம் குழலைவிடக் குறைந்தது 15 செ.மீ. கூட இருக்கட்டும். கைப்பிடி தானாகச் சுழல வேண்டும். வலப்பக்கம் சுற்றும் ரைஃபிளிங்கில் ஜேக் (கோலின் நுனியில் திருகும், துணியைப் பிடிக்கும் முனை) உள்ளே போகும்போது சுழன்றுகொண்டே போகும்; கைப்பிடி சுழலாவிட்டால் ஜேகின் திருகு கழலத் தொடங்கும்.

இங்கே அடிக்கடி நேரும் கோளாறு திருகில்தான். அமெரிக்க ஜேகுகளில் பெரும்பாலும் 10-32 மரை (அங்குலத்துக்கு 32 சுற்று): விட்டம் 4.83 மி.மீ. நம் ஊர் லேத் பட்டறையில் கையிலிருப்பது எம்5 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி): 5 மி.மீ. இரண்டின் மரை இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஜேக் அழகாக ஏறும், பொருந்திவிட்டதென்று தோன்றும். உண்மையில் மரை முழு ஆழத்துக்குப் பிடித்திருக்காது. ஈரத்துணியோடு இழுத்தால் பிய்த்துக்கொண்டு வரலாம். கோலில் 10-32 டேப்பே போடச் சொல்லுங்கள். பட்டறைக்கு ஜேகையும் கோலையும் கொண்டுபோனால் போதும், துப்பாக்கி வேண்டாம். கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லை தாண்டுவதென்றால் உரிமத்தில் எழுதியுள்ள செல்லுபடிப் பகுதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோல் வந்ததும் முதல் வேலை குறி போடுவது. காலிக் குழலில் அடி தொடும்வரை இறக்கி, வாய் மட்டத்தில் ஒரு கோடு. வழக்கமான அளவு மருந்தும் குண்டும் இறுகிய நிலையில் இன்னொரு கோடு. துடைக்கும் முன் கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லையென்று பார்த்து, கோலை இறக்கி முதல் கோட்டைச் சரிபாருங்கள். கெட்டிக்கும்போது இரண்டாம் கோடு வெளியே நின்றால் குண்டு மருந்தின் மேல் உட்காரவில்லை. அந்த இடைவெளியோடு சுட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் கூடும். குழல்வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கோலைப் பிடித்து, சிறுசிறு தள்ளலாக இறக்க வேண்டும். உள்ளங்கையைக் கோலின் தலையில் வைக்கக் கூடாது, முகம் குழலுக்கு நேராக இருக்கக் கூடாது.

இந்தக் கருமருந்தின் கசடில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். காற்றின் ஈரத்தை இழுக்கும், தண்ணீரில் கரையும். மண்ணெண்ணெயில் கரையாது, அதை ஊற்றித் துடைத்தால் உப்பு எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே தங்கும். நிப்பிளை (கேப் உட்காரும் சிறு குழாய்) கழற்றி, குழலின் அடியைச் சோப்புக் கலந்த வெந்நீர் வாளியில் வைத்து, ஈரத்துணி சுற்றிய ஜேகை மேலும் கீழும் இழுத்தால் பம்பு மாதிரி நீர் ஏறி இறங்கும். துணி வெள்ளையாக வரும்வரை. பிறகு சுத்தமான வெந்நீர், காய்ந்த துணி, கடைசியில் எண்ணெய். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை மறுநாளைக்குத் தள்ளினால் துரு முந்திக்கொள்ளும்.

காய்ந்த துணி இறுக்கமாக மாட்டிக்கொண்டால் சுத்தியல், வைஸ் எதுவும் வேண்டாம். குழல்வாய் வழியாகக் கொஞ்சம் சோப்புநீர் ஊற்றி, ஊறவிட்டு இழுங்கள். துணி மட்டும் தங்கினால் இரட்டைச் சுருள் கொக்கி எடுத்துவிடும். அதுவும் அதே 10-32 மரையில் இருக்கிறதா என்று வாங்கும்போதே திருகிப் பாருங்கள்.