சிக்னலா, பிரையரா?

2018 மே மாதம், தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அங்கும் நெல்லை, குமரி மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். ஊர்ப் போராட்டக் குழுவுக்குச் சிக்னல், பிரையர் போன்ற செய்தி அனுப்பும் செயலி தேடுபவர்கள் அந்த நாட்களை மனத்தில் வைத்துத்தான் தேட வேண்டும்.

சிக்னல் பழகுவதற்கு எளிது. வாட்ஸ்அப் தெரிந்த அம்மாக்கள்கூட உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரு குழுவில் 1000 பேர் வரை சேரலாம். எல்லாச் செய்திகளும் தாமாகவே மறையாக்கம் ஆகிவிடும், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. கணக்குத் தொடங்கத் தொலைபேசி எண் கட்டாயம். ஆனால் 2024 முதல் பயனர்பெயர் வைத்துக்கொண்டு எண்ணை மற்றவர்களிடமிருந்து மறைக்கலாம். இணையம் நின்றால் சிக்னலும் நின்றுவிடும்.

பிரையர் அந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அதற்கு நடுவில் சர்வரே கிடையாது. இணையம் இருந்தால் டோர் (யார், எங்கிருந்து என்பதை மறைக்கும் வலையமைப்பு) வழியாகவும், இல்லாவிட்டால் ப்ளூடூத், வைஃபை வழியாகவும் போனுக்குப் போன் செய்தி தாவும். எண்ணும் வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம். ப்ளூடூத் ஒரு பந்தலுக்குள் எட்டும், அடுத்த ஊருக்கு எட்டாது. கடவுச்சொல்லை மறந்தால் கணக்கு போனதுதான், மீட்க வழியில்லை. ஐபோனில் கிடைக்காது. அதைவிட முக்கியம்: 2023 மே மாதம் இந்திய அரசு தடை செய்ததாகச் செய்தி வந்த 14 செயலிகளில் பிரையரும் ஒன்று. காஷ்மீரைக் காரணம் காட்டிச் செய்த அந்தத் தடை எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் வழக்குகளைச் சுமக்கும் தோழர்களிடம் இதைச் சொல்லாமல் பிரையரைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

அன்றாட வேலைக்கு என் தேர்வு சிக்னல்தான். செய்திகள் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள்.