55 வயதுக்கு மேல் குங்ஃபூ: புதூர் மொட்டை மாடி வகுப்பு எப்படி இருக்கிறது?

மதுரை கே.புதூரில், ஒரு வீட்டின் மொட்டை மாடியில், 55 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே தனியாக ஒரு குங்ஃபூ வகுப்பு நடக்கிறது. வாரத்தில் நான்கு நாள், காலை ஐந்தரை முதல் ஆறே முக்கால் வரை. மாதம் 1,200 ரூபாய், கணவன் மனைவி சேர்ந்து வந்தால் 2,000. போன மழைக்காலத்துக்கு முன்னால் நானும் என் மனைவியும் சேர்ந்தோம், இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறோம். இடம் சின்னது, இருக்கிற ஆட்களே போதும், பெயர் போட வேண்டாம் என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டதால் பெயரைப் போடவில்லை. ஆனால் பெரியவர்களுக்குக் குங்ஃபூ என்றும், தாய்ச்சி, சீகோங் என்ற மெதுவான சீனப் பயிற்சிகள் என்றும் இப்போது பல இடங்களில் போர்டு மாட்டியிருக்கிறார்கள். எதைப் பார்த்துச் சேர்வது, எதைப் பார்த்து ஒதுங்குவது என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. புதூர் தொழிற்பேட்டையில் லேத் டர்னராக முப்பது வருஷத்துக்கு மேல் நின்று வேலை பார்த்தவன். வயது 63. 1980-களில், வாலிப வயதில், வேறொரு இடத்தில் கராத்தே படித்தேன். அங்கே முஷ்டியை இறுக்கி மணல் மூட்டையில் குத்தச் சொல்வார்கள். தோல் உரிந்தாலும் நிறுத்த விடமாட்டார்கள், வலித்தால்தான் கை உறுதியாகும் என்பார்கள். அன்று வீங்கிய வலது நடுவிரல் முட்டி இன்னும் முழுதாக மடங்குவதில்லை, மார்கழிக் குளிரில் குடைகிறது. அதனால் இந்த வகுப்பில் உடம்பை உறுதியாக்குவதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதைத்தான் முதல் நாளிலிருந்து கவனித்தேன்.

ஆரம்பத்தில் அடியே கிடையாது. நிற்பதுதான் பாடம். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, மார்புக்கு நேரே இரண்டு கையாலும் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி வட்டமாக வைத்து நிற்க வேண்டும். சீனத்தில் இதற்கு ஜான் ஜுவாங் என்று பெயர். பழைய பயிற்சிதான், ஆனால் வாங் சியாங்ஜாய் (1885–1963) என்ற ஆசான் யீச்சுவான் என்ற தன் கலையில் இதையே நடு மையமாக வைத்தார். வரிசை வரிசையாக அசைவுகளை மனப்பாடம் செய்வதைவிட நின்றே பலத்தைத் தேட வேண்டும் என்பது அவர் கட்சி.

நிற்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். தோள் எரியும், தொடை நடுங்கும், மூச்சு மேலேறும். அந்த நேரத்தில் மாஸ்டர் பின்னால் வந்து நின்று, "ஐயா, தோள்பட்டை காதுகிட்ட ஏறிருச்சு, இறக்குங்க" என்பார். அப்புறம் தாடை, அப்புறம் இடுப்பு. வேண்டாத இடத்தில் நாம் இறுக்கிப் பிடித்திருப்பதை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து விடுவிக்கிறார். அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தொடும் முன்னால் "தொடலாமாம்மா?" என்று பெண்களிடம் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். இதை நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன்.

உள்வலிமை என்று இவர்கள் சொல்வது என்ன என்பதை ஒரு நாள் செய்து காட்டினார். முன்கையை மடக்கி நீட்டிக்கொண்டு நின்றார். எங்கள் வகுப்பில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார், ஆள் நல்ல வாட்டசாட்டம். அவர் உடம்பைச் சாய்த்துத் தள்ளினார். மாஸ்டர் நகரவில்லை, முகத்திலும் சிரமம் இல்லை. பிறகு என்னை அதே மாதிரி நிற்கவைத்து, முழங்கையை ஒரு விரல் அளவு கீழே இறக்கி, இடுப்பைக் கொஞ்சம் உள்ளே உட்காரவைத்து, போலீஸ்காரரிடம் "இப்ப தள்ளுங்க சார்" என்றார். தள்ளின பாரம் என் தோளில் நிற்காமல் முதுகு வழியாக இறங்கிக் குதிகாலுக்குப் போனதை நன்றாக உணர்ந்தேன்.

இதில் மாயம் இல்லை, மாஸ்டரும் மாயம் என்று சொல்லவில்லை. மூட்டுகள் வரிசையாக அமைந்தால் பாரத்தை எலும்பு சுமக்கிறது. எலும்பு சுமந்தால் தசை ஓய்வாக இருக்கலாம். ஓய்வாக இருக்கும் தசைதான் வேண்டிய நேரத்தில் சட்டென்று வேலை செய்யும். கையை நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகினால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்து வேகம் போய்விடும். வயதானால் தசை குறைவது இயற்கை, அதிலும் சட்டென்று சுருங்கி விசை கொடுக்கும் இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. அப்படியிருக்க, இருக்கிற பலத்தை வீணாக்காமல் தரையிலிருந்து கை வரை கொண்டுவரப் பழகுவது இளவட்டங்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

வேறொரு இடத்தில் இலவச அறிமுக நாளுக்குப் போயிருக்கிறேன். அங்கே ஆசிரியர் தொடாமலே கையை வீசினார், மாணவர்கள் பின்னால் சரிந்து விழுந்தார்கள். எனக்கு வீசியபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, என் மனம் திறக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இங்கே புதூரில் ஒரு அம்மா, இந்தப் பயிற்சி செய்தால் சுகர் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். "டாக்டர் சொல்லாம ஒரு மாத்திரையக்கூட நிறுத்தாதீங்கம்மா, அது என் வேலை இல்லை" என்றார் மாஸ்டர். அந்த பதிலுக்காகவே அடுத்த மாதக் கட்டணத்தை அன்றே கொடுத்தேன்.

இனி உடம்பை உறுதியாக்கும் பகுதி. மாஸ்டரின் வழி ஹுங் கார், தென்சீனத்துக் குங்ஃபூ. தாழ்ந்த நிலைகளும் முன்கை வலிமையும் அதன் அடையாளம். உள்ளங்கைப் பயிற்சிக்குத் தடித்த கேன்வாஸ் பையில் பச்சைப்பயறு நிரப்பி ஒரு ஸ்டூல் மேல் வைத்திருக்கிறார். மரபுப்படி முதலில் பயறு, பிறகு சரளைக்கல், கடைசியில் இரும்புக் குண்டு என்று பையின் உள்ளீடு மாறும். எங்களுக்குப் பயறோடு நிறுத்திவிட்டார், அதற்கு மேல் போக மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முஷ்டியால் குத்தவும் அனுமதி இல்லை, உள்ளங்கை மட்டும்தான். கையை உயர்த்தி, தோளிலிருந்து தொளதொளவென்று விட்டு, அதன் சொந்த எடையில் விழச்செய்ய வேண்டும். பலம் போட்டு அறைந்தால் உடனே நிறுத்திவிடுகிறார்.

இதைப் பார்த்ததும் எனக்குப் பட்டறை ஞாபகம்தான் வந்தது. வெட்டும் கருவி செய்யும் எஃகான டூல் ஸ்டீலைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கடினமாகிவிடும். அப்படியே மெஷினில் மாட்டினால் முனை சில்லுசில்லாகப் பெயரும். மறுபடி இளஞ்சூட்டில் வைத்துக் கடினத்தைக் கொஞ்சம் இறக்கிய பிறகுதான் அது நாள் கணக்கில் உழைக்கும். என் வாலிப வயதுப் பயிற்சியில் முதல் பாதி மட்டும் இருந்தது. இங்கே இரண்டாவது பாதியையும் மறக்காமல் செய்கிறார்கள்.

அடுத்தது இருவராக எதிரெதிரே நின்று முன்கையை முன்கையோடு மூன்று கோணத்தில் மோதுவது. மூன்று நட்சத்திரம் என்பார்கள். தட்டும் சத்தம் கேட்டால் போதும், முகம் சுளிக்கும் அளவுக்கு வலிக்கக் கூடாது என்பது விதி. எலும்பு தன் மேல் வரும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். ஆனால் பழைய எலும்பைக் கரைத்துப் புதிதாகக் கட்ட உடம்புக்கு மாதக்கணக்கில் ஆகும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும். அதனால்தான் மாஸ்டர் ஒரு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மோத விடுவதில்லை. முன்கையில் கன்றிப்போன நிறம் இருந்தால் அது மறையும் வரை அந்தக் கைக்கு ஓய்வு. இதய அடைப்புக்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மோதலே கிடையாது, அவர்கள் ஓரமாக நிற்கும் பயிற்சி செய்கிறார்கள். சேரும்போதே என்னென்ன மாத்திரை என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்.

முடிந்ததும் பூச ஒரு தைலம் உண்டு. சீனத்தில் தித் தா ஜௌ என்பது. குந்திரிக்கம், வெள்ளைப்போளம், குசும்பப்பூ போன்றவற்றைச் சாராயத்தில் ஊறவைத்து எடுப்பது. வாசனை நம் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரியே இருக்கும். சூடு பறக்கத் தேய்த்துவிடுவது நல்ல சுகம். எலும்பை இரும்பாக்குவது தைலம்தான் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தேய்க்கும் ஐந்து நிமிஷமும் நடுவில் விடும் ஓய்வு நாட்களும்தான் வேலை செய்கின்றன என்பது என் கணிப்பு. காயத்தின் மேல் போடக் கூடாது, வாய்க்குள் போகக் கூடாது, இதையும் பாட்டிலில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

என் மனைவிக்கு 59 வயது, முதுகெலும்பு மெலிந்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. டாக்டரிடம் பயிற்சிகளை விவரித்துக் கேட்டுக்கொண்டுதான் சேர்த்தேன். இங்கே தினமும் செய்யும் பாதுவான்ஜின் என்ற சீனப் பயிற்சி எட்டு அசைவு கொண்டது, சீனாவின் சோங் பேரரசுக் காலத்திலிருந்தே பேசப்படுவது. அதில் குனிந்து பாதத்தைத் தொடும் அசைவை அவள் செய்வதில்லை. எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிந்தால் முதுகெலும்பு நசுங்கும் ஆபத்து இருக்கிறது. அதற்குப் பதிலாக இடுப்பிலிருந்து மட்டும் லேசாகச் சாய மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கடைசி அசைவில் குதிகாலைத் தூக்கித் தொப்பென்று தரையில் விடுவார்கள். அவளுக்கு மட்டும் மெத்தென்று இறக்கச் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் இப்படி மாற்றித் தருவதற்கு ஆசிரியர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். இந்த வகுப்பின் உண்மையான மதிப்பு இதுதான் என்பேன்.

மூச்சு விஷயத்திலும் கறாராக இருக்கிறார். ஹுங் காரில் இரும்புக் கம்பி என்றொரு வரிசை உண்டு, உடம்பை முறுக்கிச் சத்தம் எழுப்பிச் செய்வது. அதைக் கேட்டு நச்சரித்தோம். மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக ஏறும் என்று சொல்லி, முதல் சில அசைவுகளை மட்டும் மூச்சை வெளியே விட்டபடி காட்டினார். காலை அகட்டி முழங்காலை மடக்கிக் குதிரை நிலையில் நிற்கும்போதும் எண்களை வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாதே. அசையாமல் பாரம் தாங்கும் பயிற்சிகள் நாளடைவில் ரத்த அழுத்தத்தைக் குறைக்க மற்ற வகைகளைவிட நன்றாக உதவுகின்றன என்று 2023-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 270 ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். நிற்பதுதான் பாடம் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பலன்? டவுன் பஸ்ஸின் உயரமான படியில் இப்போது கம்பியைப் பிடித்துத் தொங்காமல் ஏறுகிறேன். ஒற்றைக் காலில் நின்று பேன்ட் போடுகிறேன். தை மாதம் அழகர்கோவில் போனபோது, மலைமேல் ராக்காயி அம்மன் கோவில் வரை இருவரும் நடந்தே ஏறினோம். இறங்கும்போது மனைவியின் முழங்கால் வலிக்கவில்லை. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் பலத்தையும் சேர்த்துப் பழக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது இங்கே தானாகவே நடந்துவிடுகிறது. நடுவிரல் முட்டி மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அது சரியாகும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. முதியவர்கள் இருட்டில் ஏறி வரும் இடத்தில் இது பெரிய தவறு. சொல்லியாகிவிட்டது, வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை என்கிறார். அப்படியென்றால் இடத்தை மாற்ற வேண்டும். இரண்டாவது, விழப் பழக்குவதே இல்லை. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிவது விழுந்துதான். கனமான மெத்தை போட்டு, உட்கார்ந்த நிலையிலிருந்து பக்கவாட்டில் உருண்டு படுப்பதையாவது சொல்லித் தர வேண்டும். பயமாக இருக்கிறது என்கிறார் மாஸ்டர், எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. சித்திரை, வைகாசியில் ஆறரைக்கெல்லாம் தரை சூடேற ஆரம்பித்துவிடும் என்பதால் அந்த இரண்டு மாதமும் ஐந்து மணிக்கே தொடங்கினால் நல்லது.

இன்னொன்று, பயிற்சி முடிந்ததும் நடக்கும் பேச்சில் யிஜின்ஜிங் என்ற தசைநாண் பயிற்சி நூலைக் காஞ்சிபுரத்துப் போதிதர்மரே எழுதியதாகச் சொல்கிறார். கேட்க நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நூல் போதிதர்மருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது, 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதுதான் வரலாற்று ஆய்வாளர்கள் முடிவு. இவ்வளவு நேர்மையாக உடம்பைப் பற்றிப் பேசுகிறவர் வரலாற்றையும் அதே நேர்மையோடு பேச வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். "அப்படியா சார், படிச்சுப் பார்க்கிறேன்" என்றார்.

அக்கம்பக்கத்தில் விசாரித்து வந்து சேர நினைப்பவர்கள், இடம் இருந்தால், முதல் வாரம் பணம் கட்டாமல் வந்து பார்க்கலாம். தொளதொளப்பான பேன்ட், அடி தட்டையான கேன்வாஸ் ஷூ போதும். பெண்கள் சுடிதாரில் வருகிறார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டாம், சுகர் இருப்பவர்கள் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்களும், சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும் தங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி வராவிட்டால் அவர் சேர்த்துக்கொள்வதில்லை. படியேறும்போது மட்டும் செல்போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு, சுவரோரமாக ஏறுங்கள்.