காரைக்குடி ரிசப்ஷனுக்குக் கட்டுப்படியாகும் ஒயின் எது?

கல்யாணத்துக்குப் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்றால், மெனு பேசும்போதே யாராவது ஒருவர் மெதுவாக ஆரம்பித்துவிடுவார்: "ராத்திரி ரிசப்ஷனுக்குக் கொஞ்சம் ஒயின் வச்சா என்னண்ணே?" வைக்கலாமா கூடாதா என்பது அந்தந்த வீட்டுப் பெரியவர்கள் பாடு. அதில் நான் தலையிடப் போவதில்லை. வைப்பது என்று முடிவான பிறகு எதை எடுப்பது, எங்கே காசை மிச்சம் பிடிப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு அசைவச் சாப்பாட்டோடு வைப்பதற்கு, விலை கூடிய சிவப்பு ஒயினைவிட விலை குறைந்த, லேசாக இனிக்கிற வெள்ளை ஒயின்தான் தோது. "வெள்ளை வச்சா கஞ்சத்தனம்னு பேசுவாங்க" என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து பலர் சிவப்பையே எடுக்கிறார்கள். பாதி கிளாஸ் மேசையிலேயே நின்றுபோகிறது.

இடம் முடிவாகட்டும், பிறகு பாட்டில்

தமிழ்நாட்டில் கல்யாண மண்டபத்தில் மது பரிமாற முடியாது. 2023 ஏப்ரலில் சிறப்பு உரிமம் வாங்கிக்கொண்டு பரிமாறலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கல்யாண மண்டபங்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே முகூர்த்தம் எங்கே நடந்தாலும், ஒயின் வைக்கிற ராத்திரி விருந்து பார் உரிமம் உள்ள ஓட்டலில்தான். பூர்வீக வீட்டு வளவில் விளக்குப் போட்டு நூறு பேருக்கு ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால், கலால் அலுவலகத்தில் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

பாண்டிச்சேரியில் விலை குறைவு, இரண்டு பெட்டி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம். மதுவிலக்கு போலீஸ் சோதனைச் சாவடியில் வண்டியோடு நிறுத்தினால் மிச்சம் பிடித்ததெல்லாம் வக்கீலுக்குப் போகும்.

நாளையும் பாருங்கள். தை மாதத்தில் முகூர்த்தம் குவியும். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், தைப்பூசத்தன்று வரும் வள்ளலார் நினைவு நாள் ஆகிய மூன்று நாளும் டாஸ்மாக்கோடு ஓட்டல் பாரும் மூடியிருக்கும். பத்திரிகை அடித்த பிறகு இது தெரிந்து பிரயோசனமில்லை.

சாப்பாடு என்ன சொல்கிறது

கல்யாணச் சாப்பாடு பெரும்பாலும் சைவம். ஒயின் பேச்சு எழுவது அசைவம் வைக்கிற ரிசப்ஷனுக்குத்தான். உப்புக்கறி, நண்டு மசாலா, மிளகுக் கோழி, எறா வறுவல், ஒரு குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்கறியில் பொடியெல்லாம் கிடையாது. சின்ன வெங்காயம், பூண்டு, முழு வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய், அவ்வளவுதான். நாலு வாய் சாப்பிட்ட பிறகு நாக்கின் ஓரமும் உதடும் சுடும். அந்த நேரத்தில் கையில் எந்த கிளாஸ் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் ஏற்றும், இனிப்பும் குளிர்ச்சியும் இறக்கும். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குகிற டானின் இருக்கிறது. அதுதான் வாயைத் துவர்க்க வைப்பது. எரிகிற நாக்கில் துவர்ப்பும் சேர்ந்தால் ஒயின் கசக்கும், கறியின் ருசியும் கெடும். பாட்டில் எவ்வளவு விலை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் விலை கூடிய சிவப்பில் டானினும், ஓக் பீப்பாயிலிருந்து ஏறுகிற கட்டை வாசமும் தூக்கலாக இருக்கும். ஆட்டுக்கறி ஸ்டேக்கோடு அது ராஜா. உப்புக்கறியோடு அல்ல.

சிவப்பு: ஷிராஸுக்கு மட்டும் ஒரு இடம்

கேபர்னே சாவிஞ்ஞோன் என்ற துவர்ப்புத் தூக்கலான சிவப்பு ரகத்தை இந்தப் பந்தியில் நான் சேர்க்கவே மாட்டேன். ஷிராஸ் கொஞ்சம் வேறு. ஷிராஸ் திராட்சையில் மிளகு வாசம் வருவதற்கு ரோட்டண்டோன் என்ற சேர்மம் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுபிடித்தார்கள். நம் மிளகின் வாசத்துக்கும் அதே சேர்மம்தான். அதனால் வரமிளகாய் இல்லாமல் மிளகை மட்டும் நம்பிச் செய்கிற கோழி வறுவல், மட்டன் சுக்கா இவற்றோடு மலிவான, கட்டை ஏறாத ஷிராஸ் ஒத்துப்போகும். லேசாகக் குளிரவைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கணும்' என்பார்கள். அது குளிர்நாட்டு அறை. சித்திரை, வைகாசியில் காரைக்குடி அறையில் வைத்த ஒயின் கஷாயம்.

நம் நாட்டு ஒயின் கம்பெனிகளில் சூலாவின் திண்டோரி ரிசர்வ் ஷிராஸ், குரோவர் ஜாம்பாவின் லா ரிசர்வ் இரண்டும் பெயர் பெற்றவை, நல்லவையும்கூட. ஆனால் இரண்டுமே ஓக் பீப்பாயில் வைத்து எடுப்பவை. அந்தப் பீப்பாய்க்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். கறியும் மசாலாவும் அந்த வாசத்தை அமுக்கிவிடும். சம்பந்தி ஒருவர் சிவப்புதான் குடிப்பார் என்றால் அவர் மேசைக்கு இரண்டு பாட்டில் எடுங்கள், பந்திக்கே வேண்டாம்.

வெள்ளை: செனின் பிளாங்கா, சாவிஞ்ஞோன் பிளாங்கா?

உண்மையான போட்டி இங்கேதான். நாசிக்கில் விளைகிற வெள்ளையில் இந்த இரண்டு திராட்சை ரகமும்தான் எந்தப் பட்டியலிலும் கண்ணில் படும்.

சாவிஞ்ஞோன் பிளாங்க் இனிப்பில்லாதது. புல் வாசம், புளிப்பு, நறுக்கென்ற முடிவு. எறா வறுவல், மீன் வறுவல் தட்டோடு சுற்றுகிற நேரத்துக்கு எலுமிச்சை பிழிந்த மாதிரி எடுபடும். குழம்பு வந்ததும் பின்வாங்கிவிடும். தேங்காயும் சோம்பும் கல்பாசியும் அரைத்த மசாலாவோடு அந்தப் புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

செனின் பிளாங்கை இந்தியாவில் பெரும்பாலும் லேசான இனிப்பு மிஞ்சும்படி எடுக்கிறார்கள். சூலாவின் செனின் பிளாங்க் அந்த வகை. அன்னாசி, பழுத்த கொய்யா வாசம் வரும். ஒயின் பழகியவர்கள் "ரொம்ப இனிக்குது" என்று முகம் சுளிப்பதும் இதைப் பார்த்துத்தான். அந்த இனிப்புதான் உப்புக்கறிக்கு மருந்து. முதல்தடவை ஒயின் தொடுகிறவருக்கும் இது தொண்டையில் இறங்கும். நம் ஊர் ரிசப்ஷனில் கிளாஸ் எடுப்பவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான். பெரும்பாலும் சாவிஞ்ஞோன் பிளாங்கைவிட விலையும் குறைவு. எனவே என் ஓட்டு செனினுக்கு. ஃப்ரத்தெல்லி கம்பெனியும் செனின் பிளாங்க் போடுகிறது. மராட்டியத்தின் அக்லூஜ் பக்கத்துத் தோட்டம். ஓட்டல் பட்டியலில் சூலா இல்லாமல் அது இருந்தால் தயங்க வேண்டாம்.

வெள்ளை எடுக்கும்போது லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். நாசிக்கில் அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மலிவான வெள்ளை ஒயின் வைத்திருந்தால் முதிராது, வாடும். இரண்டு வருஷத்துக்கு மேல் அலமாரியில் நின்ற பாட்டிலைத் தள்ளுபடிக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏ.சி. இல்லாத கிட்டங்கியில் ஒரு கோடை கழித்த பாட்டிலும் அதே கதிதான்.

ரோசே

ஜின்ஃபண்டல் திராட்சையில் எடுக்கிற ரோசே, அதாவது ரோஸ் நிற ஒயின், பார்க்க அழகு, போட்டோவில் நன்றாக விழும். ருசியில் செனினுக்கு ஒரு படி கீழே, விலையில் ஏறக்குறைய அதே. பெண் வீட்டார் நிறத்துக்காகக் கேட்டால் கொடுங்கள்.

நுரைக்கிற ஒயின்: கேக் வெட்டும்போது மட்டும்

ஷாம்பெயின் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சூலா பிரூட், ஷாந்தோன் பிரூட் இரண்டும் நாசிக் பக்கம் தயாராகின்றன. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் தடவை நொதிக்கவைத்து, அடியில் தங்கும் ஈஸ்ட்டை வெளியே எடுத்து, மறுபடி அடைக்கிற வேலை. அந்த வேலைக்குத்தான் கூடுதல் விலை. இதைச் சாப்பாட்டோடு ஓடவிட்டால் பட்ஜெட் பறந்துவிடும். போதாக்குறைக்கு, மிளகாய் எரியும் நாக்கில் நுரை ஊசி குத்தும். மேடையில் மாப்பிள்ளை-பெண்ணுக்கும் சுற்றியிருக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும் அரை கிளாஸ் போதும். ஒரு பாட்டிலில் அப்படிப் பத்து கிளாஸ் வரும்.

அதையும் குறைக்க வேண்டுமென்றால் சூலாவின் தியா இருக்கிறது. இனிப்புத் தூக்கல், ஆல்கஹால் குறைவு, விலையும் குறைவு. ஒயின் ரசிகர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் மேடைக் கீழே கிளாஸை வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டு போட்டோவுக்கு நிற்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

கோவா பக்கம் 'போர்ட்' என்று விற்கிற அடிமட்ட இனிப்பு ஒயினை மட்டும் தொடாதீர்கள். விலை குறைவுதான். ஆனால் இருமல் மருந்து வாசம் அடிக்கும், மறுநாள் தலைவலி அவர்களுக்கு, பெயர் ரிப்பேர் உங்களுக்கு. அந்த விலைக்குக் கிட்டவே நிற்கவேண்டிய கட்டாயம் என்றால் சூலாவின் மதேரா போன்ற சிக்கன ரகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாயசத்துக்கும் கவுனி அரிசிக்கும் தோதாக ஒரு ஒயின் கேட்பார்கள். பலகாரத்தைவிட ஒயின் கூடுதலாக இனிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் புளிக்கும். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்ட கவுனி அரிசியை ஜெயிக்கிற ஒயினுக்குச் செலவழிப்பதைவிட அந்த இடத்தில் ஒரு டவரா காபி.

எத்தனை பாட்டில்?

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ். ரிசப்ஷனுக்கு 120 மில்லியே மரியாதையான அளவு, அப்போது 6 கிளாஸ். முந்நூறு பேர் வருகிறார்கள், அதில் ஒயின் எடுப்பவர்கள் அறுபது பேர் என்று வையுங்கள். ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் 120 கிளாஸ், 20 பாட்டில். அதில் 14 செனின், 4 சாவிஞ்ஞோன், 2 ஷிராஸ் என்று பிரிப்பேன். நுரை ஒயின் மேடைக்குத் தனி, 3 பாட்டில். முந்நூறு பேருக்கும் சேர்த்து ஆர்டர் கொடுப்பதுதான் எல்லோரும் செய்கிற வீண் செலவு.

ஓட்டல்காரரிடம் பேசும்போது கிளாஸ் விலையைப் பேசாதீர்கள், பாட்டில் விலையைப் பேசுங்கள். திறக்காத பாட்டிலுக்குப் பில் போடக்கூடாது என்பதை எழுதியே வாங்குங்கள். வெளியிலிருந்து நாமே வாங்கிக் கொடுக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விடியவிடிய எல்லா மேசையிலும் ஓடவிடாமல், பட்டியலில் இருப்பதில் இந்த மூன்றே ரகம், இரண்டு மணி நேரம் என்று கட்டினால் பில் கைக்குள் நிற்கும்.

மலிவான செனினை விலை கூடியதாகக் காட்டுவது ஐஸ்தான். ஓட்டல் பிரிட்ஜில் இருபது பாட்டிலுக்கு இடம் இருக்காது. வீட்டு ஸ்டோர் ரூமில் சீர் பாத்திரங்களோடு சும்மா கிடக்கிற பித்தளை அண்டாவை இரவல் கொண்டுபோங்கள். உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பை இறக்கி, ஐஸ் பாதி, தண்ணீர் பாதி, நாலு கை கல்லுப்பு. உப்பு ஐஸ் தண்ணீரை இன்னும் சில்லிட வைக்கும், ஆனால் பித்தளையில் நேராகப் படவிட்டால் ஆச்சியிடம் பதில் சொல்ல வேண்டிவரும். பாட்டிலைக் கழுத்து வரை அமுக்கினால் அரை மணி நேரத்தில் ஊற்றுகிற பதம். வெறும் ஐஸில் நட்டுவைத்தால் இடையில் காற்றுதான் இருக்கும், ரொம்ப நேரம் ஆகும். வெளியே எடுத்தவுடன் பாட்டிலில் வேர்வை பூக்கும், லேபிள் நழுவும். ஊற்றுகிற பையனிடம் ஈரிழைத் துண்டு ஒன்று கொடுத்துவிடுங்கள்.

ஒயின் தொடாத இருநூற்று நாற்பது பேருக்கு

இவர்கள்தான் பெரும்பான்மை, இவர்கள் கையில்தான் வெறும் தண்ணீர் பாட்டிலைத் திணிக்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் பூராவும் அறுவடை ஆகிற பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பழத்தை விதை நசுங்காமல் பிழிந்து, சர்க்கரை குறைத்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, அதே ஒயின் கிளாஸில் ஊற்றுங்கள். நிறத்தில் ஷிராஸுக்குச் சளைக்காது. விதை நசுங்கினால் கசக்கும், மிக்ஸியில் ஓட்டிவிட வேண்டாம் என்று மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

கிளாஸ் ஒரே மாதிரி இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. "இது வெறும் பழரசந்தானே அப்பச்சி?" என்று ஆச்சிமார் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ரசத்துக்குத் தனி மேசை, தனி ஆள் போட்டு, கிளாஸ் விளிம்பில் ஒரு புதினா இலை செருகிவிடுங்கள். பிள்ளைகள் தவறி எடுக்காமலும் இருக்கும். இருபத்தொரு வயசு ஆகாதவர்களுக்கு ஊற்றக்கூடாது என்பது சட்டம், அதை ஊற்றுகிற பையனுக்கும் சொல்லிவையுங்கள்.